மாற்று இதயத்தின் தமனிகளும் நெருக்கடிக்கு அவை தரும் விடையும்

உடலின் எல்லா உறுப்புகளுக்கும் இரத்தத்தை அனுப்பும் இதயம், தன் அறைகளுக்குள் நிறைந்து நிற்கும் இரத்தத்திலிருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில்லை. பெருந்தமனி இதயத்தை விட்டுப் புறப்படும் இடத்திலேயே அதிலிருந்து பிரிகின்ற வலது, இடது ஆகிய இரண்டு தமனிகள், இதயத்தின் மேற்பரப்பில் மகுடம்போலச் சுற்றிப் படர்ந்து, பின்னர் நுண்ணிய கிளைகளாகத் தசைக்குள் இறங்கி, இதயத்துக்கே உரிய இரத்தத்தை வழங்குகின்றன. மகுடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து இவை கரோனரி தமனிகள் என்று பெயர் பெற்றன. தமிழில் முடியுருத் தமனிகள் என்றும் இதயத் தமனிகள் என்றும் வழங்கப்படுகின்றன. உடல் ஓய்வாக இருக்கும்போது இவற்றின் வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் இரத்தம், அதாவது இதயம் வெளியேற்றும் மொத்த இரத்தத்தில் இருபதில் ஒரு பங்கு, ஓடுகிறது.

இதயத் தசைக்கும் உடலின் மற்றத் தசைகளுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. கை கால்களின் தசைகள் ஓய்வில் இருக்கும்போது தம்மிடம் வரும் ஆக்சிஜனில் ஒரு சிறு பகுதியையே எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், வேலை கூடும்போது அதே இரத்தத்திலிருந்து மேலும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள அவற்றால் முடியும். ஆனால் ஒருபோதும் ஓய்வறியாத இதயத் தசையோ, அமைதியான நேரத்திலேயே தன்னிடம் வரும் ஆக்சிஜனில் 60 முதல் 75 விழுக்காடு வரை எடுத்துவிடுகிறது. ஆகவே இதயத்தின் வேலை கூடும்போது இரத்த ஓட்டத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி ஏறக்குறைய இல்லை. கடும் உழைப்பின்போது இந்த ஓட்டம் நான்கைந்து மடங்குவரை உயர்கிறது. குழாயின் விட்டத்தில் ஏற்படும் சிறு மாற்றமும் ஓட்டத்தைப் பெரிதும் மாற்றிவிடும் என்பது நீர்மவியல் விதி. மற்ற நிலைமைகள் மாறாதிருக்கும்போது, விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே ஓட்டம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது, விட்டம் பாதியாகக் குறைந்தாலோ ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. உரிய நேரத்தில் விரிந்துகொடுக்கும் திறனே இதயத் தமனிகளின் உயிர்நாடி என்பது இதிலிருந்து தெளிவாகும்.

ஓட்டம், மாடியேறுதல், கடுங்குளிர், அச்சம், சினம், தேர்வறையின் பதற்றம் என உடலையோ மனத்தையோ வழக்கமான அமைதியிலிருந்து அசைக்கும் எதையும் இக்கட்டுரை நெருக்கடி என்று குறிக்கிறது. இத்தகைய நெருக்கடியின்போது இதயத் தமனிகளுக்குக் கட்டளை தருவது யார், அக்கட்டளையைக் கொண்டுவரும் வழிகளுள் ஒன்று முற்றிலும் துண்டிக்கப்பட்டால் என்ன நிகழும் என்னும் கேள்விகளுக்கு, இதய மாற்று அறுவைச் சிகிச்சை பெற்றவர்களின் உடல்கள் எதிர்பாராத விடைகளைத் தந்திருக்கின்றன.

கட்டளை வரும் மூன்று வழிகள்

முதலாவது வழி நரம்பு வழி. கழுத்தின் அடியிலும் மார்பின் மேற்பகுதியிலும் உள்ள நரம்பு முடிச்சுகளிலிருந்து பரிவு நரம்புகள் எனப்படும் இழைகள் இதயத்துக்கு வருகின்றன. நெருக்கடியின்போது உடலைச் செயலுக்குத் தயார்ப்படுத்தும் இந்நரம்புகள், தம் முனைகளில் நார்அட்ரினலின் என்னும் வேதிப்பொருளை நொடிப்பொழுதில் வெளியிடுகின்றன. அது இதயத் துடிப்பின் வேகத்தையும் வலுவையும் கூட்டுகிறது. ஆனால் தமனிகளின் மீது அதன் செயல் இருமுகம் கொண்டது. குழாய்ச் சுவரின் தசையிலுள்ள ஆல்ஃபா ஏற்பிகள், அதாவது அப்பொருள் வந்து பொருந்தும் புரதங்கள், குழாயைச் சுருக்குகின்றன. பீட்டா ஏற்பிகள் அதை விரிக்கின்றன.

இரண்டாவது வழி இரத்த வழி. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. நரம்பின் செய்தியைவிட இது மெதுவாக வந்து சேர்கிறது. ஆனால் நீண்ட நேரம் நிலைக்கிறது.

மூன்றாவது வழி உள்ளூர் வழி. கடுமையாக வேலை செய்யும் தசையில் உருவாகும் அடினோசின் முதலிய பொருள்கள், அருகிலுள்ள நுண்தமனிகளை விரியச் செய்து, தேவைக்கேற்ற இரத்தத்தை அங்கேயே வரவழைத்துக்கொள்கின்றன. இதனோடு இணைந்து செயல்படுவது எண்டோதீலியம் என்னும் உட்படலம். எல்லா இரத்தக் குழாய்களின் உட்புறத்தையும் ஒரே ஓர் அடுக்குச் செல்களாக மூடியிருக்கும் இப்படலம் நெடுங்காலம் வெறும் பூச்சாகவே கருதப்பட்டது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட்டும் அவருடைய உதவியாளர் ஜான் சவாட்ஸ்கியும் வெளியிட்ட ஆய்வு அக்கருத்தை மாற்றியது. முயலின் பெருந்தமனித் துண்டுகளின் மீது அசிட்டைல்கொலின் என்னும் பொருளை இட்டபோது, உட்படலம் சிதையாதிருந்த துண்டுகள் தளர்ந்தன. உட்படலம் தேய்த்து அகற்றப்பட்ட துண்டுகளோ தளராமல் சுருங்கின. தளரச் செய்யும் செய்தியை உட்படலமே தசைக்கு அனுப்புகிறது என்பது இதனால் புலனாயிற்று. அச்செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்னும் எளிய வாயு என்பது பின்னர் உறுதியாக, ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவரும் 1998ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இரத்தம் விரைந்து ஓடித் தன் மீது உரசும்போதும், பரிவு நரம்புகளின் நார்அட்ரினலின் தன்னைத் தொடும்போதும், நலமான உட்படலம் இந்த வாயுவை வெளியிட்டுக் குழாயைத் திறந்து வைக்கிறது.

மனித இதயத்திலும் இது உண்மை என்பதை அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் 1980களில் காட்டினர். நலமான இதயத் தமனிக்குள் செலுத்தப்பட்ட அசிட்டைல்கொலின் அதை விரித்தது. கொழுப்பு படிந்து உட்படலம் பழுதான தமனியை அதே பொருள் சுருக்கியது. அங்கேயே நிகழ்ந்து 1991ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், நோயாளிகளை மனக்கணக்குப் போடச் சொல்லி அவர்களுடைய தமனிகளைப் படம் பிடித்தபோது, வழுவழுப்பான தமனிப் பகுதிகள் மாறாமல் இருந்தன அல்லது விரிந்தன. பழுதான பகுதிகள் சுருங்கின. வந்த செய்தி ஒன்றுதான். குழாயின் உட்சுவர் இருந்த நிலையே விடையை மாற்றியது.

அறுபடும் நரம்புகள்

1967ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் கிறிஸ்டியான் பர்னார்டு உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தார். அந்நோயாளி 18 நாள்கள் மட்டுமே உயிர்வாழ்ந்தார் எனினும், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நார்மன் ஷம்வே மேற்கொண்ட விடாமுயற்சியாலும், உடலின் எதிர்ப்பைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து 1980களில் பயன்பாட்டுக்கு வந்ததாலும், இச்சிகிச்சை நம்பகமானதாக வளர்ந்தது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் டாக்டர் பி. வேணுகோபால் தலைமையில் முதல் வெற்றி கிட்டியது.

இவ்வறுவையில் பெருந்தமனி, நுரையீரல் தமனி, மேலறைகளோடு சேரும் சிரைகள் ஆகிய பெரிய குழாய்களை மருத்துவர்கள் கவனமாகத் தைத்து இணைக்கின்றனர். ஆனால் மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் வரும் நரம்பிழைகளைத் தைத்து இணைக்க இயலாது; கொடையாளரின் உடலிலிருந்து இதயம் எடுக்கப்படும்போதே அவை அறுபடுகின்றன. புதிய உடலில் அந்த இதயம் நரம்புத் தொடர்பு ஏதுமின்றித் துடிக்கத் தொடங்குகிறது. துடிப்பைத் தூண்டும் முடிச்சு இதயத்துக்குள்ளேயே இருப்பதால் இது முடிகிறது.

இதன் விளைவுகளை மருத்துவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். இயல்பான உடலில் வேகஸ் நரம்பு இதயத்தை எப்போதும் சற்றே அடக்கி வைத்திருக்கிறது. அந்தக் கடிவாளம் அறுந்துவிடுவதால் மாற்று இதயம் ஓய்விலேயே நிமிடத்துக்கு 90 முதல் 110 முறை துடிக்கிறது. நடக்கத் தொடங்கியவுடன் துடிப்பு உயர்வதில்லை; அட்ரினலின் இரத்தத்தில் கலந்து வந்து சேர்ந்த பின்னரே மெல்ல உயர்கிறது. உழைப்பு நின்ற பின்னும் சில நிமிடங்கள்வரை துடிப்பு உயர்ந்தே இருந்து, பிறகு மெதுவாகத் தணிகிறது. மாற்று இதயம் பெற்றவர்கள் உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் சில நிமிடங்கள் மென்மையாக இயங்கிக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் அறிவுறுத்துவது இதனால்தான். மேலும், நரம்பு முனைகள் அழிந்துவிட்ட இதயத்தில், மிகுதியான நார்அட்ரினலினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வாயில்களும் இல்லாமற்போவதால், இரத்தத்தில் மிதந்து வரும் அப்பொருளுக்கு இதயம் கூடுதல் உணர்வோடு எதிர்வினையாற்றுகிறது.

தமனிகளைப் பொறுத்தவரை, மூன்று வழிகளில் ஒன்று மட்டுமே அடைபடுகிறது. இரத்த வழியும் உள்ளூர் வழியும் திறந்தே இருக்கின்றன. ஆகவே நரம்பில்லாத இதயத்தின் தமனிகளும் உழைப்பின்போது விரிகின்றன. அவ்விதயத்தைச் சுமந்தபடியே மனிதர்கள் நடக்கின்றனர், ஓடுகின்றனர், சிலர் மலையேறவும் செய்கின்றனர். அப்படியானால் பரிவு நரம்புகளுக்குத் தமனிகளிடம் வேலையே இல்லையா என்னும் கேள்வி எழுகிறது. அக்கேள்விக்கு விடை, அறுந்த நரம்புகள் மீண்டும் முளைத்தபோது கிடைத்தது.

மீண்டும் முளைக்கும் நரம்புகள்

அறுந்த பரிவு நரம்புகள் மாற்று இதயத்துக்குள் திரும்ப வளராது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்ட நார்அட்ரினலினை வெளியே தள்ளும் டைரமின் என்னும் பொருளை மாற்று இதயத்தின் தமனிகளுக்குள் செலுத்திப் பார்த்த ஆய்வுகளும், நரம்பு முனைகளால் உறிஞ்சப்படும் கதிரியக்கப் பொருளைச் செலுத்திப் பெட் ஸ்கேன் எடுத்த ஆய்வுகளும் 1991ஆம் ஆண்டு வாக்கில் அக்கருத்தை மாற்றின. அறுவை நிகழ்ந்து ஓராண்டுக்குப் பின்னர் பலருடைய இதயங்களில் பரிவு நரம்புகள் மெல்ல மெல்ல ஊடுருவத் தொடங்குகின்றன. அவை எல்லா இடத்திலும் ஒரே சீராக வளர்வதில்லை. முதலில் இதயத்தின் முன்புறச் சுவரில், அதாவது இடது முன் இறங்கு தமனி இரத்தம் வழங்கும் பகுதியில் தோன்றுகின்றன. கீழ்ச்சுவர் பல ஆண்டுகளுக்குப் பின்னும் பெரும்பாலும் நரம்பின்றியே இருக்கிறது.

இந்தச் சீரின்மை அறிவியலுக்கு அரிய வாய்ப்பாயிற்று. ஒரே இதயத்தில், ஒரே இரத்தமும் ஒரே ஹார்மோன்களும் பாயும் நிலையில், ஒரு பகுதிக்கு நரம்பு உண்டு, அடுத்த பகுதிக்கு நரம்பு இல்லை. எந்த ஆய்வுக்கூடத்திலும் மனித உடலில் உருவாக்கிவிட முடியாத இந்த ஒப்பீட்டை மார்செலோ டி கார்லியும் அவருடைய குழுவினரும் பயன்படுத்தி, அதன் முடிவுகளை 1997ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாற்று இதயம் பெற்றவர்களின் கையைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்துவது அவர்கள் கையாண்ட சோதனை. எளிமையாகத் தோன்றினாலும், அந்தக் கடுங்குளிர் பரிவு நரம்பு மண்டலத்தை வலுவாகத் தூண்டி இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. அப்போது பெட் ஸ்கேன் மூலம் அளக்கப்பட்ட இரத்த ஓட்டம், நரம்பு முளைத்த பகுதியில் நரம்பற்ற பகுதிகளைவிடத் தெளிவாகக் கூடியது. அதே வேளையில், குழாய்களை நேரடியாக விரிக்கும் அடினோசினைச் செலுத்தியபோது எல்லாப் பகுதிகளிலும் ஓட்டம் ஒரே அளவில் உயர்ந்தது. குழாய்களின் விரியும் ஆற்றல் எங்கும் ஒன்றாகவே இருந்தது; நெருக்கடியின்போது அந்த ஆற்றலைப் பயன்படுத்தச் செய்வதில் நரம்புக்குப் பங்கு இருந்தது என்பதையே இவ்விரு அளவீடுகளும் சேர்ந்து உணர்த்தின.

பரிவு நரம்புகள் தமனிகளைச் சுருக்குபவை என்று மட்டுமே எண்ணிய பழைய கருத்துக்கு இது பெரிய திருத்தம். நலமான தமனியில் நரம்பின் நிகரப் பயன் இரத்த ஓட்டத்தைக் கூட்டுவதாகவே அமைகிறது. செருமனியின் மியூனிக் நகரில் ஃபிராங்க் பெங்கலும் குழுவினரும் 29 நோயாளிகளிடம் நடத்தி 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நரம்பு மீண்டும் முளைத்த இதயம் கொண்டவர்கள் நரம்பற்ற இதயம் கொண்டவர்களைவிட நீண்ட நேரம் உடற்பயிற்சி செய்ய முடிந்ததையும், உழைப்பின்போது அவர்களுடைய இதயம் மேலும் வலுவாகச் சுருங்கி விரிந்ததையும் காட்டியது.

உட்படலம் பழுதாகும்போது

மாற்று இதயத்தின் நெடுங்கால வாழ்வுக்குப் பெரும் தடையாக நிற்பது அதன் தமனிகளில் தோன்றும் ஒரு தனி வகை நோய். மாற்று இதயத் தமனி நோய் என்று அதைக் குறிக்கலாம். பொதுவான மாரடைப்பு நோயில் கொழுப்பு தமனியின் ஒரு பக்கத்தில், ஆங்காங்கே திட்டாகப் படிகிறது. இந்நோயிலோ தமனியின் உள்ளடுக்கு முழு வட்டமாகவும் அடி முதல் நுனி வரையும் தடித்து, தசைக்குள் இறங்கும் நுண்கிளைகள்வரை குழாயைக் குறுக்குகிறது. பன்னாட்டு இதய நுரையீரல் மாற்றுச் சங்கத்தின் பதிவேடுகளின்படி, அறுவைக்குப் பின் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரிடமும், பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ பாதிப்பேரிடமும் இது காணப்படுகிறது.

இந்நோயின் தொடக்கம் உட்படலத்தில்தான். மாற்று இதயத்தின் தமனிகளில் ஓடுவது பெறுநரின் இரத்தம். அது உரசிச் செல்லும் சுவரோ கொடையாளரின் செல்களால் ஆனது. இரண்டு மனிதர்களின் உடல்கள் இடைவிடாது சந்திக்கும் எல்லை அந்த ஓரடுக்குப் படலம். பெறுநரின் நோய் எதிர்ப்பு மண்டலம் அயலாரின் செல்களை முதலில் இனம் காண்பதும் அங்கேதான். எதிர்ப்பொருள்களும் வெள்ளணுக்களும் அதைத் தாக்குகின்றன. கொடையாளர் மூளைச்சாவு அடைந்தபோது அவருடைய உடலில் பொங்கிய அட்ரினலின் வெள்ளமும், இதயம் ஓர் உடலை விட்டு மறு உடலை அடையும்வரை இரத்தமின்றி இருந்த சில மணி நேரமும் அதை முன்னரே காயப்படுத்தியிருக்கும். பின்னர் சைட்டோமெகலோ வைரஸ் தொற்று, உயர்ந்த கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

உட்படலம் இவ்வாறு நலிந்துவிட்டால், நெருக்கடியின்போது தமனி தரும் விடை தலைகீழாகிறது. நைட்ரிக் ஆக்சைடு குறைவதால் ஆல்ஃபா ஏற்பிகளின் சுருக்கும் செயலைத் தடுப்பார் இல்லை; விரிய வேண்டிய நேரத்தில் குழாய் விரியாமல் நிற்கிறது, அல்லது சுருங்குகிறது. ஆஞ்சியோகிராம் படத்தில் எந்தப் பழுதும் தென்படாத மாற்று இதயத் தமனிகள்கூட அசிட்டைல்கொலின் செலுத்தப்பட்டபோது சுருங்கியதை பாஸ்டன் ஆய்வாளர்கள் 1988ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தனர். செயலில் தோன்றும் குறை, உருவத்தில் தோன்றும் குறையை முந்திக்கொண்டு வருகிறது என்பதே அதன் பொருள்.

இந்த ஆபத்து பெரும்பாலும் ஓசையின்றி வருகிறது. இதயத் தசை இரத்தமின்றித் தவிக்கும்போது நெஞ்சுவலி என்னும் எச்சரிக்கையை மூளைக்கு எடுத்துச் செல்பவையும் அறுபட்ட அந்த நரம்புகளே. சிலரிடம் உணர்வு நரம்புகள் மீண்டும் வளர்ந்து வலி திரும்புவது உண்டு எனினும், பலரிடம் மூச்சிரைப்போ, சோர்வோ, துடிப்புச் சீர்கேடோதான் முதல் அறிகுறி. சிலரிடம் திடீர் மரணமே முதல் அறிகுறியாகிவிடுகிறது. ஆகையால் வலிக்காகக் காத்திராமல் நோயைத் தேடிச் செல்வதே மருத்துவ நெறியாயிற்று. ஆஞ்சியோகிராம் குழாயின் உட்பாதையின் நிழலை மட்டும் காட்டுவதால், சீராகத் தடித்த சுவரை அது தவறவிடக்கூடும். நுண்ணிய அல்ட்ராசவுண்டுக் கருவியைத் தமனிக்குள்ளேயே செலுத்திச் சுவரின் தடிப்பை அளக்கும் முறை அக்குறையை நிறைவு செய்கிறது. முதல் ஆண்டுக்குள் உள்ளடுக்கு அரை மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்தால் பின்னாளில் ஆபத்து மிகும் என்பது இம்முறையால் தெரியவந்தது. டோபுட்டமின் என்னும் மருந்தைச் செலுத்தி, உழைக்கும் இதயத்தின் நிலையைச் செயற்கையாக உருவாக்கி எக்கோ படம் எடுப்பதும், பெட் ஸ்கேன் மூலம் இரத்த ஓட்டம் எத்தனை மடங்கு உயர்கிறது என்று அளப்பதும், நெருக்கடிக்குத் தமனிகள் தரும் விடையை நேரடியாகக் கேட்டறியும் வழிகள்.

எல்லையைக் காக்கும் முயற்சி

தமனி முழுவதும் பரவிவிடும் இந்நோயில் ஸ்டென்ட் வைப்பதோ பைபாஸ் அறுவையோ ஓரளவே பயன்படும். முற்றிய நிலையில் மற்றோர் இதயத்தை மாற்றி வைப்பதே எஞ்சும் வழி. ஒரு கொடையாளரின் இதயம் கிடைப்பதே அரிதான உலகில் அது எளிதில் கைகூடுவதில்லை. எனவே உட்படலத்தை முதல் நாளிலிருந்தே காப்பதில் மருத்துவம் கவனம் செலுத்துகிறது. ஜான் கோபாஷிகாவாவும் குழுவினரும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 97 நோயாளிகளிடம் நடத்தி 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் பிராவாஸ்டேட்டின் மருந்தை அறுவைக்குப் பின் விரைவிலேயே பெற்றவர்களுள் 94 விழுக்காட்டினர் ஓராண்டைக் கடந்தனர். பெறாதவர்களுள் 78 விழுக்காட்டினரே கடந்தனர். தமனி நோயும் அம்மருந்து பெற்றவர்களிடம் குறைந்தே காணப்பட்டது. 2003ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வொன்று, எவரோலிமஸ் என்னும் எதிர்ப்புத் தணிப்பு மருந்து உள்ளடுக்கின் தடிப்பைக் குறைப்பதைக் காட்டியது. முறையான உடற்பயிற்சியும் இவ்வரிசையில் இடம்பெறுகிறது. இடையிடையே ஓய்வு விட்டுச் செய்யும் தீவிரப் பயிற்சி மாற்று இதயத் தமனி நோயின் வளர்ச்சியை மந்தப்படுத்தியதாக நார்வே நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பயிற்சியின்போது விரைந்தோடும் இரத்தத்தின் உரசல், உட்படலத்தை நைட்ரிக் ஆக்சைடு சுரக்கத் தூண்டுகிறது. அளவறிந்து மேற்கொள்ளப்படும் உழைப்பு என்னும் நெருக்கடியே தமனிக்கு மருந்தாவதும் உண்டு என்பதை இது உணர்த்துகிறது.

மாற்று இதயம் பெற்ற ஒருவர் படியேறும்போதும், கவலையில் ஆழும்போதும், குளிர்ந்த நீரில் கைவைக்கும்போதும், இரத்தத்தில் வரும் அட்ரினலினும் காலப்போக்கில் மீண்டும் முளைத்த நரம்பும் ஒரே வேண்டுகோளைத்தான் அந்தத் தமனிகளிடம் வைக்கின்றன. விரிவதா, சுருங்குவதா என்பதைத் தீர்மானிப்பதில், மறைந்த ஒருவரின் செல்களால் ஆகி, வாழும் ஒருவரின் இரத்தத்தைத் தொட்டபடி இருக்கும் அந்த ஓரடுக்குப் படலத்தின் பங்கே பெரிது. நாள் தவறாமல் உட்கொள்ளும் மாத்திரையும், ஆண்டுதோறும் செய்துகொள்ளும் சோதனையும், மெல்லத் தொடங்கி மெல்ல முடிக்கும் நடைப்பயிற்சியும் அப்படலத்தின் நலத்துக்கே செலுத்தப்படுகின்றன. அது நலமாக இருக்கும்வரை, கொடையாகக் கிடைத்த இதயம் தன்னிடம் கேட்கப்படும் உழைப்புக்கு ஏற்ற இரத்தத்தைத் தானே பெற்றுக்கொள்ளும்.